பத்து காவானில் யார் வெளிநாட்டவர்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் வாழும் அந்நிய நாட்டவர் ஒருவர் நம் நாட்டில் கொண்டோமினியம் வீடு வாங்கலாமா, வாங்கினால் என்னென்ன விதிகள் என்பது இன்றைய தலைப்பு. எனக்கு ஒதுக்கப்பட்டது வரலாற்றுப் பகுதி. "வீடு வாங்குவதில் வரலாறு எங்கே வந்தது?" என்று சிலர் நினைக்கலாம். பினாங்கில், அதிலும் பெருநிலப் பகுதியில் இருக்கும் பத்து காவானில், வரலாறு தெரியாமல் நிலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அந்த மண்ணின் கதை முழுவதும் வெளியூர்க்காரர் வாங்கியதும் விற்றதும்தான்.

ஒரு தேதியிலிருந்து தொடங்குகிறேன். 2014 மார்ச் 1. அன்றுதான் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. தீவிலுள்ள பத்து மவுங்கையும் பெருநிலத்திலுள்ள பத்து காவானையும் இணைக்கும் அந்தப் பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல் போகிறது. அதே 2014 மார்ச் 1 அன்று இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் நம் நாட்டில் 10 லட்சம் வெள்ளிக்குக் குறைந்த சொத்தை வாங்க முடியாது என்ற மத்திய அரசின் புதிய வழிகாட்டி அது. அதுவரை வரம்பு 5 லட்சம். அதற்கும் முன்பு, 2009 வரை, 2 லட்சத்து 50 ஆயிரம்.

பத்து காவானுக்குக் கடல் வழியே சாலை திறந்த அதே நாளில், நாடு முழுவதும் அந்நியர் வாங்கும் வீட்டுக்கு வேலி உயர்ந்தது. இது திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனாலும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி பிறக்கிறது. இந்த மண்ணில் வெளிநாட்டவர் யார்? உள்ளூர்க்காரர் யார்?

10,000 டாலருக்கு ஒரு மாநிலம்

பினாங்கில் நிலம் பிடித்த முதல் பெரிய வெளிநாட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். பகைவர் படையெடுத்தால் கம்பெனி துணைக்கு வரும் என்று கெடா சுல்தான் எதிர்பார்த்தார். துணை வரவில்லை. தீவைத் திரும்பப் பெற அவர் 1791-இல் முயன்றார், தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது.

1800-இல் சர் ஜார்ஜ் லீத் காலத்தில் இரண்டாவது உடன்படிக்கை வந்தது. கோல மூடாவுக்கும் கோல கிரியானுக்கும் இடையே, கடற்கரையிலிருந்து உள்ளே 60 ஓர்லோங் அகலம், அதாவது ஏறத்தாழ 3 மைல், கம்பெனியின் கைக்குப் போனது. அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டார்கள். இன்றைய செபராங் பிறையின் தொடக்கம் அது. தீவுக்கும் மாகாணத்துக்கும் சேர்த்து ஆண்டுத் தொகை 10,000 டாலராக உயர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்த 10,000 கெடாவுக்குக் கட்டப்பட்டு வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அந்த உடன்படிக்கைகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மற்ற ஐரோப்பிய நாட்டாருக்கு சுல்தான் தம் நாட்டில் குடியேற இடம் தரக் கூடாது! அந்நியர் நிலம் வாங்கக் கட்டுப்பாடு போட்டவர் முதன்முதலில் அந்நியரே. தாம் உள்ளே வந்தபின் கதவைச் சாத்திக் கொண்டார்கள்.

லண்டனில் முதலாளி, லயத்தில் தமிழன்

பத்து காவான், வால்டோர், சுங்கை பக்காப், நிபோங் திபால் என்று நாம் இன்று சொல்லும் ஊர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக் காடுகள். முதலில் கரும்பு நட்டவர்கள் தியோசூ சீனர்கள். 1840களில் ஐரோப்பியர் பெரிய அளவில் இறங்கினார்கள். பத்து காவானுக்குத் தெற்கே பரந்து கிடந்த தோட்டங்கள் பலவற்றுக்கு உரிமையாளர் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பிரபு. இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து நிலமே பெரும்பகுதி அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் வாழ்ந்தது அங்கே, சம்பாதித்தது இங்கே. வால்டோர் என்ற ஊர்ப் பெயரே அந்தத் தோட்டங்களில் ஒன்றின் பெயர்தான். நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் 99 கதவு மாளிகையைப் பேய் பங்களா என்று இளைஞர்கள் பார்க்கப் போகிறார்களே, அதுவும் ராம்ஸ்டன் குடும்பத்துடையது.

வெளிநாட்டில் இருந்துகொண்டே இங்கு சொத்து வைத்திருந்த அந்நிய நாட்டவர் என்றால், நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா?

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள். கப்பல் கட்டணம் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. கடன் தீருமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது. அதற்குள் கரும்பு சாய்ந்து ரப்பர் நிமிர்ந்துவிட்டது. கங்காணி வந்தார், மண்டோர் வந்தார், கிராணி வந்தார். மாறாதது ஒன்றே ஒன்று: லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை இருந்தால் வீடு. வேலை போனால் வீடும் போயிற்று.

இந்த ஒரு வரியில்தான் நம் சமுதாயத்தின் நிலப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தாலும் அந்தக் குடும்பத்தின் பெயர் நிலப் பதிவேட்டில் ஏறவில்லை. லண்டனில் இருந்தவர் பெயர் ஏறியிருந்தது.

10 வெள்ளியும் ஒரு கனவும்

1950களில் நாடு விடுதலையை நோக்கி நகர்ந்தபோது வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் வணிகக் கூட்டுகள். மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய தொழிலாளிக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் எடுத்த முயற்சியை நாம் மறக்கக் கூடாது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும். அன்றைய பால்மரக் கூலியில் 10 வெள்ளி சின்னத் தொகையல்ல. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டத்தில் உழைத்தவனே தோட்டத்தில் பங்குதாரர் ஆனான்.

அந்நியர் விற்கும்போது உள்ளூர்த் தொழிலாளி ஒன்றுசேர்ந்து வாங்கலாம் என்று காட்டியது அந்தச் சங்கம். எல்லாத் தோட்டத்தையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் முடியும் என்று காட்டியதே பெரிய காரியம்.

சிவப்பு அட்டை

இனி வருவது சற்றுக் கசப்பான பகுதி. 1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் வந்தது. தோட்டத்துக்குள் முடங்கிக் கிடந்த பலர் விண்ணப்பிக்கவில்லை. சிலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. சிலருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சிலருக்கு ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்ற நினைப்பு. அவர்கள் கையில் நீல அடையாள அட்டைக்குப் பதில் சிவப்பு அடையாள அட்டை நின்றது.

1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கான வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. 1969, 1970 ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். கணவன் ஒரு நாட்டில், மனைவி மக்கள் ஒரு நாட்டில் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ.

போகாமல் தங்கியவர்கள் சிவப்பு அட்டையோடு இங்கேயே முதுமை அடைந்தார்கள். இவர்களுக்கும் இன்றைய கொண்டோமினியம் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? நேரடித் தொடர்பு இருக்கிறது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டத்தில், 1980களில் அந்நியர் பற்றிய ஒரு தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. 433-ஏ, 433-பி பிரிவுகள். குடிமகன் அல்லாத எவரும் மாநில அரசின் முன் இசைவு இல்லாமல் நிலமோ வீடோ வாங்க முடியாது என்பது அதன் சாரம். குடிமகன் அல்லாதவர் என்றால் மலேசியக் குடியுரிமை இல்லாத மனிதர். அவ்வளவுதான். நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்.

ஆக, பத்து காவான் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே பால் வெட்டிய சிவப்பு அட்டைப் பாட்டியும், நேற்று விமானத்தில் வந்திறங்கிய ஐரோப்பியரும் நிலச் சட்டத்தின் முன் ஒரே வகை. நடைமுறையில் நிரந்தரவாசிகளுக்குச் சலுகைகள் உண்டு. அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆனால் இசைவு கேட்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. மகன் வீடு வாங்கும்போது பாசத்தால் தாயின் பெயரையும் சேர்க்க நினைத்தால், தாய் சிவப்பு அட்டைக்காரர் என்றால், அந்த ஒரு பெயருக்காக இசைவு தேவைப்படும். இதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு சொன்னால் காலமும் பணமும் வீணாகும்.

வேலி ஏறுவதும் இறங்குவதும்

அந்நியர் வாங்குவதற்கான விதி ஒரே நிலையில் நின்றதே இல்லை. பொருளாதாரம் சூடாக இருந்தால் வேலி ஏறும், ஆறினால் இறங்கும். 1995 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டம், வீடு வாங்கும் அந்நியருக்கு 1 லட்சம் வெள்ளி தீர்வை விதித்தது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது, வாங்க ஆளில்லை, தீர்வை விலக்கப்பட்டது.

1996-இல் வெளிநாட்டு முதியவர்களை வரவேற்க ஒரு திட்டம் வந்தது. 2002-இல் அதுவே "மலேசியா எனது இரண்டாவது இல்லம்" என்று பெயர் மாறியது. முதல் இல்லமே இல்லாமல் நம்மவர் தவித்த மண்ணில் பிறருக்கு இரண்டாவது இல்லம் என்று அன்று சிலர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. 2021-இல் அத்திட்டத்தின் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து மாதம் 40,000 வெள்ளி வருமானம் கேட்கப்பட்டது. 2024-இல் மீண்டும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படிகளாக்கினார்கள். சேருகிறவர் வீடு வாங்குவது கட்டாயமாயிற்று. குறைந்த விலை முறையே 6 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் வெள்ளி.

பினாங்கு மாநிலம் தனக்கென்று விதி வகுத்தது. நிலம் மாநில அதிகாரம் அல்லவா? 2012-இல் தீவில் அந்நியர் வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 10 லட்சம், தரைவீட்டுக்கு 20 லட்சம் என்று வரம்பு வந்தது. பெருநிலத்தில், அதாவது பத்து காவான் இருக்கும் பக்கத்தில், வரம்பு தீவைவிடக் குறைவு. அடுக்குமாடிக்கு 5 லட்சம் என்று வைக்கப்பட்டது. 2014 பிப்ரவரி முதல் அந்நியர் வாங்கும் சொத்துக்கு 3 விழுக்காடு மாநிலத் தீர்வையும் சேர்ந்தது. பிறகு கட்டிய வீடுகள் விற்காமல் தேங்கின. உடனே வேலி தணிந்தது: 2020-க்கான மத்திய வரவு செலவுத் திட்டம், தேங்கிய மாடி வீடுகளுக்கு வரம்பை 6 லட்சமாக்கியது. பினாங்கும் தேங்கிய வீடுகளுக்குச் சலுகை தந்தது. 2024 ஜனவரி முதல் அந்நியருக்கு முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு என்று நிலையாக்கப்பட்டது. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் குடியிருப்பு வீடுகளுக்கு அதை 8 ஆக்கும் அறிவிப்பு வந்தது.

இந்தத் தேதிகளை நான் அடுக்குவதன் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் நம் உறவினர் ஒருவர், "ஐந்து வருடத்துக்கு முன் என் நண்பர் இந்த விலையில் வாங்கினாரே" என்று சொல்வதை நம்பி முன்பணம் கட்டக் கூடாது. கையெழுத்திடும் நாளில் என்ன விதி என்பதுதான் கணக்கு.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. சிங்கப்பூர் 2023 ஏப்ரலில் அந்நியர் வாங்கும் வீட்டுக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வையை 60 விழுக்காடாக்கியது. இந்தியாவைப் பாருங்கள். அங்கே நாம் அந்நியர். இந்திய வம்சாவளிக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் சென்னையில் வீடு வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. பாட்டன் உழுத ஊரில் பேரன் வயல் வாங்க முடியாது. பாட்டி பால் வெட்டிய ஊரில் அவளுக்கே இசைவு வேண்டும். கடல் கடந்த இனத்தின் நிலை இது.

ஜாதிக்காய்த் தோட்டம் சொல்லும் பாடம்

பத்து காவான் தோட்டத்துக்கும் காலம் வந்தது. 1990களில் அங்கே புதிய நகரம் அமைக்கும் வேலையில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் இறங்கியது. பண்டார் காசியா என்று பெயர். 2000-இல் சுக்மா விளையாட்டுப் போட்டிக்காக அரங்கம் எழுந்தது. பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகள் பெருகின. 2019-இல் ஐக்கியா கடை திறந்தது. வானுயர்ந்த குடியிருப்புகள் முளைத்தன. தோட்டத்தின் நினைவைப் பெயரில் சுமந்து நிற்கிறது பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி.

தீவில், குளுகோர் வட்டாரத்தில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கம்போங் புவா பாலா. புவா பாலா என்றால் ஜாதிக்காய். பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் பழைய தோட்ட நிலம் அது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு வளர்த்து, கோயில் கட்டி வாழ்ந்தார்கள். நிலம் கைமாறி, அடுக்குமாடித் திட்டம் ஒன்று வந்தது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார்கள். அவர்களிடம் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே; நிலப்பட்டா இல்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. இழப்பீட்டை ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு என்று ஏற்பாடானது.

யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அப்போது அரசியல் மேடைகளில் அதைப் போதிய அளவு பேசிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் நிலச் சட்டம் பதிவேட்டை நம்புகிறது. எத்தனை ஆண்டு குடியிருந்தோம், எத்தனை மரம் நட்டோம் என்று அது கேட்பதில்லை. கெரானில், அதாவது நிலப்பட்டாவில், யார் பெயர் இருக்கிறது என்றே கேட்கிறது. லண்டன் பிரபு கடல் கடந்து இருந்தும் உரிமையாளராக இருந்தது அந்தத் தாளால்தான். நம் மக்கள் மண்ணிலேயே கிடந்தும் உரிமை இழந்ததும் அந்தத் தாள் இல்லாததால்தான்.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். வெளிநாட்டிலிருக்கும் உறவினரோ நண்பரோ பத்து காவானில் அடுக்குமாடி வீடு வாங்கப் போவதாகச் சொன்னால் நான்கு விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

முதலாவது, மாநில அரசின் இசைவு. விற்பவர் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்வோம்" என்றால் போதாது. இசைவு கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டின் வகை. குறைந்த விலை, நடுத்தரக் குறைந்த விலை வீடுகள், பூமிபுத்ராவுக்கு ஒதுக்கிய வீடுகள், மலாய் ஒதுக்கீட்டு நிலம் ஆகியவை அந்நியருக்குக் கிடையாது.

மூன்றாவது, பட்டா. 1985-இல் வந்த அடுக்குமாடிப் பட்டாச் சட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பட்டா கிடைக்க வழி செய்தது. அது வந்துவிட்டதா, இல்லையா? நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்?

நான்காவது, விற்கும்போது என்ன ஆகும் என்பது. நில ஆதாய வரி அந்நியருக்கு முதல் 5 ஆண்டுகளில் 30 விழுக்காடு. 2019 முதல் அதற்குப் பிறகு விற்றாலும் 10 விழுக்காடு. வாங்கும்போது இனித்தது விற்கும்போது கசக்கலாம்.

அந்நியர் வீடு வாங்குவதால் நமக்கு என்ன என்று ஒதுங்கி நிற்பதும் தவறு. அந்நியர் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார் என்று அஞ்சுவதும் தவறு. விலை வரம்பு என்பது உள்ளூர் மக்கள் வாங்கத்தக்க வீடுகளை அவர்களுக்கே விட்டுவைக்கும் ஏற்பாடு. 5 லட்சத்துக்குக் கீழே உள்ள வீட்டில் அந்நியர் போட்டிக்கு வரமாட்டார். அந்த வீட்டை யார் வாங்கப் போகிறார்கள்? தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வாங்க வேண்டும். சேமநிதிப் பணம் இருக்கிறது. முதல் வீட்டுக்கான கடன் திட்டங்கள் இருக்கின்றன. தாத்தா மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்தில் பங்கு வாங்கினார். பேரன் மாதத் தவணை கட்டி ஒரு வீட்டை வாங்க முடியாதா?

சிவப்பு அட்டையோடு வாழும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் துணை நிற்பது நம் கடமை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பிறப்புப் பத்திரம், பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாள்கள்தான் நாளை அவர்களுக்காகப் பேசும்.

பத்து காவானில் கரும்பு போயிற்று, ரப்பர் போயிற்று, லயமும் போயிற்று. இப்போது எழுந்து நிற்கும் மாடிகளில் நம் பெயரிலும் சில பட்டாக்கள் இருக்கட்டும்.